அந்த அரை மணி நேரத்தை யார் கொடுப்பது?

காலை நேரத்து மின்சார ரயில் பத்து நிமிஷம் லேட்டானால் என்ன ஆகும்? வீட்டு ஆண்களைக் கேட்டால், "ஆபீசுக்குப் பத்து நிமிஷம் லேட்டாகும், வேறென்ன?" என்பார்கள். அவர்கள் கணக்கு அதோடு முடிந்தது. வேலைக்குப் போகும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி வரும். பிளாட்பாரத்தில் நின்ற பத்து நிமிஷம், வந்த ரயிலில் ஏற முடியாமல் அடுத்ததற்குக் காத்திருந்த நேரம், இறங்கி ஓடிய ஓட்டம், ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு, அதை ஈடுகட்ட சாயந்திரம் கூடுதலாக உட்கார்ந்த அரை மணி, வீட்டு வாசலில் "இன்னிக்கும் லேட்டா?" என்ற கேள்வி, இருட்டின பிறகு பற்ற வைத்த அடுப்பு... காலையில் தவறிய அந்தப் பத்து நிமிஷம் ராத்திரி படுக்கிற வரைக்கும் அவளைத் துரத்திக்கொண்டே வருகிறது.

நான் ஆபீசுக்குப் போகிறவள் இல்லை. ஆனால் எங்களுடையது கூட்டுக் குடும்பம். என் ஓரகத்தி பதினோரு வருஷமாக சென்னைப் புறநகரிலிருந்து தினமும் மின்சார ரயில் பிடித்து வேலைக்குப் போய் வருகிறாள். அவள் பிளாட்பாரத்தில் படுகிற பாட்டை அவள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் வீட்டில் படுகிற பாட்டைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதனால் இந்தத் தடவை சமையல் குறிப்பைக் கொஞ்சம் ஓரம் தள்ளி வைத்துவிட்டு இதைப் பற்றிப் பேசலாம், வாருங்கள்.

ரயில் ஏன் லேட்டாகிறது?

"சும்மா ரயில் லேட்டுன்னு சொல்றா. அது எப்படி தினமும் லேட்டாகும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் தெரிந்துகொண்டால் பாதி சண்டை குறையும்.

சென்னையில் மின்சார ரயில் இன்று நேற்று வந்ததில்லை. 1931-லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓட ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு ரயிலுக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அந்தக் கம்பி ஓரிடத்தில் அறுந்தால் போதும், அந்தப் பாதையில் வரிசையாக எல்லா வண்டியும் நின்றுவிடும். மழை பெய்து தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால், வண்டியின் அடிப்பக்கம் இருக்கும் மோட்டார்களும் பழுதாகும், சிக்னலும் கோளாறாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரயில் ஓடாத அந்த நாட்களில் நகரமே முடங்கிப் போனது.

இதெல்லாம் பெரிய காரணங்கள். தினப்படி தாமதத்துக்குச் சின்னக் காரணங்கள் இருக்கின்றன. லெவல் கிராசிங் கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டை முழுசாக மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும்படி பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள். குக்கர் மூடி சரியாகப் பொருந்தினால்தானே ஆவி நிற்கும், விசில் வரும்? அதுபோலத்தான். "ஒரு நிமிஷம், நான் மட்டும் போயிடறேன்" என்று ஒரு ஸ்கூட்டர்காரர் மூடுகிற கேட்டுக்குள் நுழைகிறார். அவர் பின்னாலேயே ஓர் ஆட்டோ. பின்னால் ஒரு வேன். கேட் மூட முடியவில்லை, சிக்னல் விழவில்லை, ரயில் நிற்கிறது. ஒருவர் மிச்சம் பிடித்த நிமிஷத்துக்கு ஆயிரம் பேர் விலை கொடுக்கிறார்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களாலும், காரணமில்லாமல் சங்கிலி இழுப்பவர்களாலும் இதே கதைதான்.

இன்னொரு சங்கதி. ஒரு ரயில் ஐந்து நிமிஷம் பிந்தினால் அந்த ஐந்து நிமிஷத்தோடு விட்டுவிடுவதில்லை. அடுத்த ஸ்டேஷனில் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் இன்னும் நிறைய பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவ்வளவு பேரும் முண்டியடித்து ஏற நேரமாகிறது. அதனால் அதற்கடுத்த ஸ்டேஷனுக்கு இன்னும் தாமதம், அங்கே இன்னும் கூட்டம். பின்னால் வரும் ரயில் காலியாகவே வந்தாலும், முன்னால் போகிற வண்டி நகர்ந்தால்தான் அதற்கு சிக்னல். பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு கணம் திரும்பினால் மேடை முழுக்க வழிகிறதே, அந்த மாதிரி. அதனால்தான் முதல் ஸ்டேஷனில் மூன்று நிமிஷமாக இருந்த தாமதம் பத்தாவது ஸ்டேஷனில் பதினைந்தாகிறது. அங்கே நிற்பவள் சொல்வது சாக்கு இல்லை, நிஜம்.

சில சமயம் தாமதம் மாசக்கணக்கிலும் நீளும். நாலாவது பாதை போடும் வேலைக்காக, 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2024 அக்டோபர் கடைசி வரை பறக்கும் ரயில் கடற்கரை வரை போகாமல் சிந்தாதிரிப்பேட்டையிலேயே நின்றது. பதினாலு மாசம்! மீதி தூரத்துக்கு நடையோ, பஸ்ஸோ, ஆட்டோவோ. வேலை நல்ல வேலைதான், அவசியமானதுதான். ஆனால் அத்தனை மாசமும் காலையில் கூடுதலாகப் போன நேரத்தை அந்தப் பெண்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று யாராவது யோசித்தோமா? தூக்கத்திலிருந்துதான் எடுத்திருப்பார்கள்.

உயிரை விட ஆபீஸ் பெரிதில்லை

2018 ஜூலை 24-ம் தேதி காலை. மேல் கம்பி பழுதாகி ரயில் போக்குவரத்து தடைப்பட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு ரயிலை வழக்கமான பாதையில் விடாமல் விரைவு வண்டிகள் போகும் பாதையில் விட்டார்கள். உள்ளே இடமில்லாமல் படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள், பரங்கிமலை ஸ்டேஷனில் பக்கத்துச் சுவரில் மோதி விழுந்தார்கள். ஐந்து உயிர் போயிற்று. யார் வீட்டுப் பிள்ளைகளோ. காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பிய ஒரு தாய் ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருப்பாள், இல்லையா?

அதனால் உங்கள் பிள்ளைக்கோ, கணவருக்கோ, மகளுக்கோ, மருமகளுக்கோ காலையில் வாசலில் நின்று சொல்லுங்கள்: "கூட்டமா இருந்தா அந்த வண்டியை விட்டுடு. லேட்டானா பரவாயில்லை." சொன்னால் மட்டும் போதாது, லேட்டாக வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமலும் இருக்கவேண்டும். வீட்டில் திட்டு விழாது என்று தெரிந்தால்தான் ஒரு பெண் நகர்கிற ரயிலைப் பிடிக்க ஓடாமல் நிற்பாள்.

"அரை மணி முன்னால கிளம்பினா என்ன?"

எல்லோரும் சொல்கிற யோசனை இதுதான். "ரயில் லேட்டாகும்னு தெரியுது இல்லே? அரை மணி முன்னால கிளம்ப வேண்டியதுதானே?"

சரியான யோசனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அரை மணி எங்கே இருக்கிறது? ஆணுக்கென்றால் அலாரத்தை அரை மணி முன்னால் வைத்தால் முடிந்தது. பெண்ணுக்கு? எங்கள் ஓரகத்தி நாலரைக்கு எழுந்துகொண்டிருந்தாள். வாசல் தெளித்துக் கோலம், பால், டிகாஷன், காய் நறுக்கல், டிபன் ஒன்று, மதியச் சாப்பாடு ஒன்று, மூன்று டிபன் பாக்ஸ், இரண்டு குழந்தைகளுக்கும் தலை பின்னி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, யூனிபாரம் தேய்த்து... ஏழு நாற்பது ரயில். இதில் அரை மணி முன்னால் கிளம்பு என்றால், நாலு மணிக்கு எழுந்திரு என்று அர்த்தம். ராத்திரி அவள் படுப்பது பதினொன்றுக்கு. ஐந்து மணி நேரத் தூக்கம். அதிலும் கையை வைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

ஆனது. போன வருஷம் ஒரு மாசத்தில் நாலு தடவை லேட். ஆபீசில் அரை நாள் லீவு பிடித்தார்கள். லேட்டாகிவிடுமே என்று காலை டிபனை விட்டாள். வழியில் பாத்ரூம் போக இடமில்லையே என்று தண்ணீரை விட்டாள். ஒரு நாள் குளிர் ஜுரம், முதுகில் பக்கவாட்டில் வலி. டாக்டரிடம் போனால், சிறுநீரில் தொற்று, அது கிட்னி வரைக்கும் ஏறப் பார்க்கிறது என்றார். ஒரு வாரம் மாத்திரை, ஊசி.

வீட்டில் கூடிப் பேசினார்கள். "போதும்பா, வேலையை விட்டுடச் சொல்லு. உடம்பைவிட வேலையா முக்கியம்?" என்றார் மாமனார். கொழுந்தனாரும் தலையை ஆட்டினார். அவள் ஒன்றும் பேசவில்லை, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"அத்தை, கொஞ்சம் கேளுங்க," என்றேன். "அவ ஆபீசுக்குப் போனதால உடம்புக்கு வரலை. ஆபீசுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு நாள் வேலையை முடிச்சிட்டுப் போறாளே, அதனால வந்தது. வேலையை விடணும்னா எந்த வேலையை விடணும்னு யோசிங்க."

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். எனக்கு அந்த மாதிரி ஒரு வேலை கிடைக்கவில்லை. அவள் பதினோரு வருஷம் கஷ்டப்பட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் வேலை, பிராவிடண்ட் பண்டு, அவள் பேரில் மாசாமாசம் வருகிற சம்பளம், இதையெல்லாம் ஒரு ரயில் லேட்டுக்காக விடுவதா? விட்டால் திரும்ப வருமா? நாற்பது வயதில் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்?

மாமியார் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "கோலம் நான் போட்டுடறேன்" என்றார். அவ்வளவுதான், அங்கேயிருந்து ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் பங்கு போட்ட விதம்

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் காலை வேலையை வரிசையாக எழுதினோம். பதினேழு வேலை வந்தது. அதில் பன்னிரண்டு அவள் தலையில் இருந்தது அன்றைக்குத்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

மறுநாளைக்கு வேண்டிய காயை ராத்திரி டிவி செய்தி பார்க்கும்போதே நறுக்கி, மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் வைப்பது மாமனார் வேலை. சின்ன வெங்காயம் உரிப்பதில் இப்போது அவரை மிஞ்ச ஆளில்லை. யூனிபாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக ஐந்து ஜோடி தேய்ப்பது கொழுந்தனார். குழந்தைகளை எழுப்பி வேன் ஏற்றுவதும் அவரே. தண்ணீர் பாட்டில் நிரப்புவது, பை எடுத்து வைப்பது, ஷூவுக்குப் பாலிஷ் எல்லாம் முந்தின ராத்திரியே குழந்தைகள் செய்யவேண்டும். மறந்தால் மறந்ததுதான், அம்மா ஓடி வந்து செய்யமாட்டாள். காலை டிபன் என் பொறுப்பு. சாதமும் குழம்பும் அவள் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது என் வீட்டுக்காரர். முதல் வாரம் டம்ளரெல்லாம் சோப்பு வாசனை அடித்தது. இப்போது தேவலை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். "நீதான் வீட்டிலேயே இருக்கியே, எல்லாத்தையும் நீயே பார்த்துக்கோ" என்று மொத்தத்தையும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். நான் விடவில்லை. ஒருத்தி முதுகிலிருந்து இறக்கி இன்னொருத்தி முதுகில் ஏற்றினால் அது பங்கு போடுவது ஆகாது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும் சண்டை மூட்டிவிட இதுவே போதும்.

இப்போது அவள் எழுவது ஐந்து மணிக்கு. பிடிப்பது ஏழு இருபது ரயிலை. தூக்கமும் அரை மணி கூடிற்று, கைவசம் இருபது நிமிஷமும் மிச்சம். ரயில் லேட்டானாலும் பெரும்பாலான நாள் நேரத்துக்குப் போய்விடுகிறாள்.

தனிக்குடித்தனமாக இருப்பவர்கள், "எங்களுக்கு மாமனாரும் ஓரகத்தியும் எங்கே இருக்காங்க?" என்று கேட்பீர்கள். கணவன், மனைவி இரண்டு பேர்தான் என்றாலும் தாளில் எழுதிப் பாருங்கள். வேலைகள் கண்ணில் படாத வரைக்கும் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். எழுதின பிறகு, "இதுல ரெண்டை எடுத்துக்கறேன்" என்று வரத்தான் செய்வார்கள். வராவிட்டால் அந்தத் தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்!

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

ரயில் நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. உடம்புக்கு வருவதைக் கொஞ்சம் தடுக்கலாம்.

முதலில் தண்ணீர். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு. கிருமி எளிதாக ஏறும். தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் தொற்று வர வழி செய்கிறோம். எழுந்ததும் ஒரு டம்ளர். கிளம்புகிற கடைசி நிமிஷம் பாத்ரூம் போய்விட்டு, பிறகு செருப்பு மாட்டுங்கள். பையில் பாட்டில் இருக்கட்டும், வழியில் இரண்டிரண்டு வாயாகக் குடிக்கலாம். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் முழு டம்ளர். எரிச்சல், அடிக்கடி போகவேண்டும்போல் உணர்வு, அடிவயிற்று வலி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். குளிர் ஜுரம், முதுகுப் பக்கவாட்டில் வலி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். கர்ப்பிணிகள் சின்ன எரிச்சலைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது.

அடுத்தது சர்க்கரை நோய்க்காரர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டு அல்லது இன்சுலின் குத்திக்கொண்டு, "டிபனை ஆபீசுல போய்ச் சாப்பிடறேன்" என்று கிளம்புவது ஆபத்து. நடுவழியில் ரயில் நின்றால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு வரும், பேச்சு குழறும். பையில் எப்போதும் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் வைத்திருங்கள். அறிகுறி தெரிந்ததும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி பொறுத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. சரியானதும் ஏதாவது சாப்பிடவேண்டும். பக்கத்தில் யாராவது மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே உதவி கூப்பிடுங்கள். ரயில்வே உதவிக்கு 139 எண். உங்கள் பிரயாண நேரத்தைச் சொல்லி, மாத்திரையை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்வது உத்தமம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வேறு தொல்லை. அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி கழித்துத்தான் காப்பி, டிபன். மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். கண் விழித்ததும் போட்டுவிட்டால் கிளம்பும் அவசரத்தில் குழப்பம் இல்லை.

காலை டிபனுக்குப் பதில் காப்பி என்பது பல பெண்களுக்கு வழக்கமாகிவிட்டது. காப்பி பசியை மறைக்கும், உடம்புக்குப் பலம் தராது. சாப்பாட்டோடு சேர்த்துக் காப்பி, டீ குடித்தால் இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஏழே நிமிஷத்தில் சாப்பிட முடிகிற டிபனாகப் பாருங்கள். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி நாலு, ஒரு வாழைப்பழம். அல்லது சத்துமாவுக் கஞ்சியோடு வேகவைத்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்கள் ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையை வேகவைத்து ஒரு கைப்பிடி. வீட்டில் சாப்பிட முடியவே இல்லை என்றால் அதே பொடி இட்லியைக் கட்டிக் கொடுங்கள். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், ரயில் புழுக்கத்தில் ஊசிப்போகும். மதியத்துக்குத் தயிர் சாதம் என்றால் சாதத்தைக் குழைய வடித்து, ஆறியதும் பால் நிறைய விட்டு, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் சேர்த்துப் பிசையுங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும்.

நெடுநேரம் நிற்பவர்களுக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும். ஒரே இடத்தில் விறைத்து நிற்காமல், குதிகாலை உயர்த்தி இறக்கி, பத்துப் பத்து தடவை செய்யுங்கள். புடவைக்குள் யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் காற்றாட இருந்துவிட்டுப் போகலாம்.

இன்னொரு நல்ல ஏற்பாட்டையும் சொல்லவேண்டும். என் ஓரகத்தியும் அவளுடைய லேடீஸ் கம்பார்ட்மெண்ட் சிநேகிதிகளும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். முதல் ஸ்டேஷனில் ஏறுகிறவள், "வண்டி கிளம்பிடுச்சு" அல்லது "பத்து நிமிஷம் லேட்" என்று ஒரு வரி போடுவாள். அடுத்தடுத்த ஸ்டேஷன்காரிகள் அதற்குத் தகுந்தபடி வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள். பத்து நிமிஷம் கிடைத்தால் வீட்டிலேயே நிதானமாகச் சாப்பிடலாம் இல்லையா?

ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஜப்பானில் ரயில் தாமதமானால் ரயில் கம்பெனியே பயணிகளுக்கு ஒரு சின்னச் சீட்டு கொடுக்கிறது. "இன்ன தேதியில் எங்கள் வண்டி இத்தனை நிமிஷம் தாமதம்" என்று அதில் அச்சடித்திருக்கும். இணையத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அதை ஆபீசிலோ பள்ளிக்கூடத்திலோ காட்டினால் நம்புகிறார்கள். லண்டன் பாதாள ரயிலில், அவர்கள் தவறால் பதினைந்து நிமிஷமோ அதற்கு மேலோ தாமதமானால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். காசு பெரிதில்லை. "தப்பு உன்னுடையது இல்லை" என்று ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்வது எவ்வளவு ஆறுதல்!

நம் மத்திய அரசு அலுவலக விதியிலும், தக்க காரணம் இருந்தால் மாசத்தில் இரண்டு தடவை, ஒரு மணி நேரம் வரையிலான தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது. தனியார் ஆபீசில் இருப்பவர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய், "லேட்டான நேரத்துக்குச் சாயந்திரம் இருந்து வேலை செய்து கொடுக்கிறோம், அரை நாள் லீவு பிடிக்காதீர்கள்" என்று எழுதிக் கேளுங்கள். தனியாகப் போனால் சாக்கு என்பார்கள். சேர்ந்து போனால் யோசிப்பார்கள். என் ஓரகத்தியின் ஆபீசில் இப்படி நாலு பேர் கேட்டதில், காலையில் கால் மணி சலுகை கொடுத்திருக்கிறார்கள்.

அதிகாரிகள் நம்ப ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டில் நாம் நம்ப ஆரம்பிக்கலாமே. மருமகளோ மகளோ களைத்து வந்து, "ரயில் லேட்" என்றால், ஏன் என்று விசாரிக்காமல் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் காலை வேலையை எப்படிப் பங்கு போட்டிருக்கிறீர்கள், ரயிலோ பஸ்ஸோ பிடிக்கும் பெண்ணுக்கு யார் யார் கை கொடுக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்களேன். நல்ல யோசனைகளை அடுத்தடுத்த இதழ்களில் எல்லோருக்கும் சொல்கிறேன்.